காய்ந்த சாக்ஸ்

"சார், எங்கக்கா மண்டையை இன்னைக்குத் திறக்கப் போறாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கிற ஸ்கேன் அவளோடதே இல்ல!"

சொன்னவள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் வேலை செய்பவள். துப்பறிபவர் நிதானமாக எழுந்தார். அவருக்குப் பட்டப்பெயரே நிதானம்தான். அவர் மச்சினன் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான். அவனை அவசரம் என்று கூப்பிடாதவர் யார்?

கொட்டும் மழையில் காரில் போகும்போது அவள் சொன்னாள். "கட்டி இடப்பக்கம் சார். எடுத்தப்போ நானே பார்த்தேன். இப்போ அவ பேரைத் திறந்தா வலப்பக்கம் காட்டுது. நேத்து ஒரு பெரியவர் பேர்ல குழந்தையோட கால் வந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னா, தூக்கமில்லாம உளறாதேங்கறார். யாரோ வேணும்னே மாத்தறாங்க. பயமா இருக்கு சார்."

படங்கள் எல்லாம் தங்கும் டிஸ்க் பெட்டி, மெஷின் அறையில் இருந்தது. உள்ளே எலும்பை உறைய வைக்கும் குளிர், காதை அடைக்கும் இரைச்சல். அதைப் பார்த்துக்கொள்ளும் டிஸ்க்காரர் வெறுங்காலில் ஷூ மாட்டியிருந்தார்.

"தொப்பலா நனைஞ்சு ஒரு மணி நேரம் முன்னாடிதான் சார் வந்தேன். படங்களை இந்தப் பெட்டியில எழுதற பழைய மெஷினைப் போன வாரமே அணைச்சிட்டேன். புதுசு ஒண்ணுதான் ஓடுது."

பழையது சுவரைப் பார்த்து நின்றது. அதன் முதுகில் அவருடைய சாக்ஸ் தொங்கியது.

"இந்த அறைச் சாவி ஆஸ்பத்திரி மேனேஜர்கிட்டயும் இருக்காம், மாமா! ஆளை அமுக்கிடலாமா?" என்றான் அவசரம்.

"கொஞ்சம் பொறுடா." நிதானம் டிஸ்க் பெட்டியின் திரையைப் பார்த்தார். ஒரே பெயரில் இரண்டு இணைப்புகள். பிறகு சாக்ஸைத் தொட்டார். மொறுமொறுவென்று காய்ந்து, சுடச்சுட இருந்தது.

"அணைஞ்ச மெஷின் முதுகுல, இந்தக் குளிர்ல, ஈர சாக்ஸ் எப்படிங்க காயும்?"

டிஸ்க்காரர் முகம் வெளுத்தது.

"எந்தப் பேர்ல வர்ற மெஷினை உள்ள விடணும்னு டிஸ்க் பெட்டியோட டார்கெட் செட்டிங்ல போடுவீங்க. புதுசுக்குப் புதுப் பேர் போட்டிருக்கணும். நீங்க அந்த செட்டிங்கைத் தொடவே இல்ல. பழசை அப்படியே காப்பி பண்ணிட்டீங்க, பேரும் கூடவே வந்திருச்சு. பழசையும் ஓட விட்டீங்க. ரெண்டும் ஒரே இடத்துல எழுதுது. ஒண்ணு எழுதறது இன்னொண்ணுக்குத் தெரியாது. பேர் ஒருத்தரோடது, படம் இன்னொருத்தரோடது."

"புதுசு நின்னுட்டா வேலை போயிடுமேன்னு பயம் சார். செட்டிங்கைத் தொட கையே வரல, அதான் பழசையும் அணைக்கல" என்று அவர் விம்மினார். "யாரும் சாகணும்னு நினைக்கல."

"மொதல்ல பழசை அணைங்க" என்று நிதானம் திரும்பினார். கூட வந்த தங்கை அங்கே இல்லை. படிகளில் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் அறை வாசலில் அக்காவின் ஸ்ட்ரெச்சர். மழித்த தலையின் வலப்பக்கம் மார்க்கரில் கோடு போட்டாகிவிட்டது. தங்கை குறுக்கே விழுந்தாள். "கொன்னுடாதீங்க! ஒரே ஒரு தடவை மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாருங்க!"

டாக்டர் கத்தினார். மூச்சு வாங்க வந்து சேர்ந்த நிதானம், நடந்ததைச் சொன்னார். டாக்டரின் குரல் இறங்கியது. மறுபடி எடுத்தார்கள். டிஸ்க் பெட்டிக்குப் போகும் முன்பே, ஸ்கேன் மெஷினின் திரையிலேயே எல்லோரும் பார்த்தார்கள். கட்டி இடப்பக்கம் இருந்தது.

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

மயக்க ஊசிக்குக் காத்திருந்த அக்கா கண்ணைத் திறந்தாள். "என்னடி, முடிஞ்சிருச்சா?"

துப்பட்டா முனையை நனைத்து அந்தக் கோட்டை அழித்துக்கொண்டிருந்தாள் தங்கை.

"இனிமேதான்க்கா."