பிஸ்ஸாப்பும் ஒரு ‘நீங்க’வும்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, காவோலாக் நகரமே வெள்ளை அங்கியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்தா ரமத்தா ஒரு வாளி பிஸ்ஸாப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டும்?

அவள் வாசலிலிருந்து தன் வேப்பமரத்தடிக் கடைக்குப் போகத் திரும்பினாள். எதிரே ஒருவன் கைபேசியைப் பார்த்தபடி வந்தான். அவ்வளவுதான். காய்ந்த புளிச்சைப் பூவைக் கொதிக்க வைத்து, புதினா கசக்கிப் போட்டு, சர்க்கரை கரைத்து, ஐஸ் கட்டிகளோடு ததும்பிய அத்தனை சிவப்பும் அவன் மார்பிலிருந்து முழங்கால் வரை இறங்கியது.

"ஆ..." என்றான் அவன். மே மாத வெயில் வேறு. அது கோபமா சுகமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"மன்னிச்சிருங்க... சத்தியமா நான் பாக்கல. கழட்டிக் குடுங்க, உடனே அலசித் தந்துர்றேன்."

"நடுத்தெருவுலயா கழட்டணும்?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கறுப்பான, நீண்ட இமை வைத்த, சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரியாத கண்கள்... ஓர் ஆணுக்கு எதற்கு இவ்வளவு இமை என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. நெஞ்சு ஒரு முறை தப்புத்தாளம் போட்டதை வெயிலின் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

"உங்க பேரு?"

"லத்தீர். லத்தீர் ஃபாய்."

ரமத்தா வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஃபாயா? அப்ப நான் கேட்ட மன்னிப்பத் திருப்பிக் குடு."

"ஏன், நீங்க யாரு?"

"ரமத்தா ஸால்."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "ஸாலா? அதான பாத்தேன். பால்ல தண்ணி ஊத்துற கூட்டம். பிஸ்ஸாப்பத் தெருவுல ஊத்துறதுல என்ன அதிசயம்?"

"நடந்து வந்த அடிமைக்கு வாய் பாரு. ஈர அங்கியோட நில்லு, எறும்பு மொய்க்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். பெயர் தெரிந்த பிறகு அங்கே சண்டைக்கு வேலையில்லை. ஃபாய் செரேர் குலம், ஸால் புலார் குலம். பாட்டன் காலத்துக்கு முன்பிருந்தே கேலி முறைக்காரர்கள். ஒருவரையொருவர் அடிமை என்று அழைக்கலாம், தின்னிப் பண்டாரம் என்று திட்டலாம். கோபப்படக் கூடாது, மன்னிப்பு கேட்கக் கூடாது, சம வயதென்றால் ‘நீங்க’ போடவும் கூடாது. நல்ல முறைதான். ஆனால் அந்த முறையில் மாட்டிக்கொண்டு ஒருத்தன் காதலிக்கவும் ஆரம்பித்தால் என்ன ஆவது என்று முன்னோர்கள் யோசிக்கவில்லை.

மறுநாளே வந்து நின்றான். உப்பளத்தில் லாரிகளுக்கு எடை போடும் வேலை அவனுக்கு. வேலை முடிந்து வரும்போது சட்டைக் காலரில் உப்பு பூத்திருக்கும்.

"நேத்து என் மேல ஊத்துனியே, அதுல கொஞ்சம் குடிக்கக் குடு. தோலுக்கு மட்டும் குடுத்து வாய ஏமாத்தக் கூடாது."

"உப்பளத்துல இருக்கறவனுக்கு இனிப்பு தெரியுமா?"

"நீ போட்டா எங்க தெரியப் போகுது? சர்க்கரைய மிச்சம் புடிக்கிற பரம்பரை."

அவள் கோப்பையை நீட்டினாள். அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். உதடெல்லாம் சிவப்பு. ரமத்தா வேறு பக்கம் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியாததால் மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் பிஸ்ஸாப், ஒரு நாள் ஏலமும் இஞ்சியும் தட்டிப் போட்ட புளித்தண்ணீர். ரொம்பச் சுடும் நாட்களில் தியாக்ரி... ஆவியில் வெந்த கம்பு மணியைக் கட்டித் தயிரில் பிசைந்து, உலர் திராட்சையும் ஜாதிக்காயும் போட்டு, ஈரத்துணி சுற்றிய பானையில் வைத்திருப்பாள். அவனுக்குக் கொடுக்கும் கிண்ணத்தில் மட்டும் திராட்சை அடியில் குவிந்து கிடக்கும்.

"கை தவறிக் கொட்டிருச்சா?" என்பான்.

"எங்க வீட்டு அடிமை தெம்பா இருந்தாத்தான எங்களுக்கு லாபம்?"

அவள் அம்மா பெந்தாவுக்கும் அவனைப் பிடித்துப் போனது. அப்பா இல்லாத வீடு. அவன் வந்தால் வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

ஒரு நாள் கிண்ணத்தை வழித்துத் துடைத்துவிட்டு லத்தீர் சொன்னான். "அம்மா, பேசாம ரமத்தாவ எனக்குக் குடுத்துருங்க. தினமும் இவ்வளவு தூரம் நடக்கிற வேலை மிச்சம்."

"ஒரு மூட்ட கம்பு எறக்கு, இப்பவே கூட்டிட்டுப் போ," என்றாள் பெந்தா. வாசலே சிரித்தது. லத்தீரும் சிரித்தான்.

உள்ளே பிஸ்ஸாப் வடிகட்டிக்கொண்டிருந்த ரமத்தாவின் கை நின்றது. துணியிலிருந்து சொட்டு சொட்டாகச் சிவப்பு விழுந்துகொண்டிருந்தது. பாவி... ஒரு தடவையாவது சிரிக்காமல் சொல்லக் கூடாதா? நிஜமாகத்தான் கேட்கிறாயா என்று வாய்விட்டுக் கேட்டுவிடலாம்தான். ‘அடிமை சொன்னத நம்பிட்டாடா’ என்று அவன் சிரித்துவிட்டால்? அப்புறம் அவள் தெருவில் தலை காட்ட முடியுமா?

அந்த வாரமே டக்காரிலிருந்து மாமா பேசினார். நல்ல இடமாம். பையன் அவருடைய மனைவி வழிச் சொந்தம், துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், பிடித்தால் அன்றைக்கே வாக்குக் கொடுத்துவிடலாம். பெந்தா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. இருக்கிற ஒரே காரணம் தினமும் வாசலில் வந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று மாலை அம்மாவே அவனிடம் சொன்னாள். "ஏ ஃபாய், ஞாயித்துக்கிழமை சீக்கிரமா வந்துரு. இவளுக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. பாத்திரம் கழுவ அடிமை இல்லாம நான் என்ன பண்ணுவேன்?"

ரமத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். இப்போது... இப்போதாவது...

லத்தீர் சிரித்தான். "கழுவிட்டாப் போச்சு. எனக்கு ஒரு கோழித் தொடைய மறைச்சு வைங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ரமத்தா அவன் கோப்பையை எட்ட வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதில் ஐஸ் இல்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. முறைக்காரி கேலிக்கு முகம் சுளித்தவன் என்ற பெயர் எந்த ஃபாய்க்கும் வந்ததில்லை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அங்கேயே அழுதிருந்தால்கூட, நல்லா நடிக்கிறான் என்று கை தட்டியிருப்பார்கள்.

அதன்பிறகு அவன் வரவில்லை. ரமத்தா நாள் முழுக்க வெயிலைத் திட்டினாள், ஐஸைத் திட்டினாள், சும்மா நின்ற ஆட்டைத் திட்டினாள்.

சனிக்கிழமை மதியம். நாளைக்குச் சமைக்கக் கோழி வாங்க பெந்தா சந்தைக்குப் போயிருந்தாள். ரமத்தா மரத்தடியில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தாள். எதிரே நிழல் விழுந்தது.

உள்ளே சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. வாய் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "வந்துட்டியா? செத்துத் தொலைஞ்சேன்னு நெனச்சு உன் பங்கையும் நானே குடிச்சிட்டேன்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நல்லா இருக்கீங்களா?" என்றான்.

ரமத்தாவின் கை புளிக்குள்ளேயே நின்றது.

"என்னது?"

"அம்மா சௌக்கியமா?"

"உனக்குக் காய்ச்சலா?"

"இல்லங்க."

"கோவமா? ஸால் மேல ஃபாய் கோவப்படக் கூடாது, தெரியும்ல?"

"கோவம் இல்லங்க."

"அப்ப இந்த ‘ங்க’ எதுக்கு? பயமா இருக்கு... ஒழுங்காத் திட்டு."

அவன் குந்தி உட்கார்ந்தான். அந்தக் கண்களில் இன்று சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாமல் அவை இன்னும் அழகாக இருந்தன, அதுதான் கொடுமை.

"எனக்கு ஒரு கோப்பை குடுங்க. அதக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் ஃபாய் இல்ல, நீங்க ஸால் இல்ல. தெருவுல போற யாரோ ரெண்டு பேரு. சரிங்களா?"

அவள் ஊற்றினாள். அவன் முகத்தையே பார்த்ததில் பாதி வெளியே போனது. அவன் வாங்கினான், குடிக்கவில்லை.

"குடிச்சாத் தீந்துரும். சொல்லிட்டுக் குடிக்கிறேன். நான் அம்மாகிட்ட உங்களக் கேட்டது வெளையாட்டு இல்லங்க. எல்லாரும் சிரிச்சாங்க, முறைக்கு நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய்ச் சிரிக்கல. உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற ஒருத்தருக்கு உங்களக் குடுக்கற வீட்டுல நான் நாளைக்கு வந்து நிக்க மாட்டேன்... என்னால முடியாது. அதுக்கப்புறமும் வர மாட்டேன். அவ்வளவுதான்."

இந்த இடத்தில் மழை பெய்திருக்க வேண்டும். காவோலாக்கில் மே மாதம் மழை எங்கே பெய்கிறது? ரமத்தாவின் கண்கள்தான் நனைந்தன.

"இதச் சொல்ல உனக்கு இவ்வளவு நாளா? அன்னைக்கு அம்மா சொன்னப்ப சிரிச்சியே... எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"நீங்களும்தான சிரிச்சீங்க?"

"நான் பல்லக் கடிச்சிட்டு நின்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல உனக்கு."

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் கோப்பையைப் பார்த்தாள்.

"மொதல்ல அதக் குடி."

"குடிச்சா ஃபாய் ஆயிருவேனே..."

"ஆகணும். யாரோ ஒருத்தனுக்கு எங்க அம்மா பொண்ணு குடுக்க மாட்டாங்க."

குடித்தான். புளிப்பில் முகம் கோணியது. சர்க்கரை போட அவள் மறந்திருந்தாள். அவன் அதைச் சொல்லவில்லை.

பெந்தா அப்போதுதான் கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தூரத்திலிருந்தே ஆரம்பித்தாள். "ஏ ஃபாய், எங்க ஓடிப் போயிட்ட? நாளைக்கு..."

பாதியில் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டாமல் இருந்தார்கள். அந்த மரத்தடியில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

"என்ன ஆச்சு? எதுக்கு இவன் வாயத் தொறக்காம உக்காந்திருக்கான்?"

ரமத்தா எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய புளிச் சக்கையைக்கூடத் தட்டவில்லை.

"அம்மா... அன்னைக்கு அவர் என்னக் கேட்டாருல்ல..."

"எவரு?"

"அவர்தாம்மா." ரமத்தா லத்தீரைக் காட்டினாள். "நெஜமாத்தான் கேட்டாராம். எனக்கும் அவர்தான் வேணும்."

அடிமை, தின்னி, ஃபாய், இவன், அவன்... இத்தனை நாளாக மகள் வாயில் வந்த பெயர்கள் எல்லாம் பெந்தாவுக்கு அத்துபடி. ‘அவர்’ மட்டும் இதுவரை வந்ததில்லை. அவள் மகளை ஒரு தரம் பார்த்தாள், அவனை ஒரு தரம் பார்த்தாள். லத்தீர் மெல்ல எழுந்து நின்றான். அவள் சிரிக்கப் போகிறாள் என்று பயந்து அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பெந்தா சிரிக்கவில்லை. கோழியைத் தரையில் வைத்தாள், தோள்துணியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"டக்காருக்கு நான் பேசிக்கறேன்," என்றாள். "உங்க பெரியவங்க யாரையாவது பொண்ணு கேக்கற கோலாக் கொட்டையோட இன்னைக்கே வரச் சொல்லுங்க, தம்பி."