சோற்றுக்குக் கூப்பிடும் நேரம்

காத்தான்குடிக் கடைத்தெருவில் பஸ் பாதி காலியாயிற்று. துணிப்பொதிகளோடு ஏறியவர்கள் எல்லாரும் அங்கேயே இறங்கிவிட, மேர்லின் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஊரிமுனையில் அவள் இறங்கியபோது காலை வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது.

ஒரு பக்கம் கடல். மறுபக்கம் வாவி. நடுவே ஒடுங்கலாய் ஒரு மணல் திட்டு. எட்டு வருடங்களுக்கு முன் அந்த மணலில் ஓர் ஊர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. இப்போது தொண்டு நிறுவனம் கட்டிக்கொடுத்த ஒரே அச்சு வீடுகள், இடையிடையே ஆளில்லாத வெறும் அத்திவாரங்கள். அவ்வளவுதான்.

மேர்லின் மட்டக்களப்பு டவுன்காரி. கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கடைசி வருடம் படிக்கிறாள். முதல் வருடத்தில் ஆதி மனிதனின் மண்டையோட்டு வார்ப்புகளைக் கையில் கொடுத்தார்கள். மனிதன் எப்போது மனிதன் ஆனான் என்று விரிவுரையாளர் கேட்டார். நெருப்பு என்றாள் ஒருத்தி, மொழி என்றான் ஒருவன். “செத்தவனை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் குழி தோண்டினானே, அப்போது” என்றார் அவர். மேர்லினுக்கு அது பிடித்துப்போயிற்று. கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது தன் சொந்த மாவட்டத்துக் குடி வழக்கம், அதாவது குல முறை. இந்தப் பக்கத்தில் பிள்ளைக்குக் குடி தாய் வழியாக வரும். வீடும் மகளுக்குத்தான் போகும். அதை ஒரே ஒரு குடும்பத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் தலைவி சீதேவிப்பிள்ளை வாசலிலேயே காத்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

“வா புள்ள, வெயில்ல நிக்காத. நீ என்ன குடி?”

மேர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேள்வி கேட்க வந்தவள் அவள்.

“நாங்க வேதக்காரர், அன்ரி, சேர்ச்சுக்குப் போற ஆக்கள். எனக்குக் குடியெல்லாம் தெரியாது.”

“குடி தெரியாம உன்ன என்ன முறை சொல்லிக் கூப்பிடுற? ஒரே குடியெண்டா நான் உனக்குப் பெரியம்மா. வேற குடியெண்டா மாமி. அன்ரி எண்டு ஒரு முறை எங்கட ஊர்ல இல்ல. ஒண்டச் சொல்லு.”

“அப்ப மாமி எண்டே வைப்பம்.”

“யோசிச்சுத்தான் சொல்லுறியா?” சீதேவிப்பிள்ளையின் கண் மின்னியது. “மாமியெண்டா என்ட பொடியனுக்கு நீ கட்டுற முறையாச்சே!”

இருவரும் சிரித்தார்கள். வாசலில் நின்று பேசிய விளையாட்டுப் பேச்சு. முறைப்பெயர் என்பது வெறும் கூப்பிடு சொல் அல்ல, அது ஓர் உடன்படிக்கை என்று மேர்லின் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தாள். அந்த நேரத்தில் அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

“நீ வீட்டுக்குள்ள தங்கு. நான் குசினிக்குள்ளதான் படுக்கிற.”

“ஏன் மாமி, உங்கட வீடுதானே?”

“என்ட வீடா? மகள்ட வீடு.”

மகள் யசோதினிக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தார்கள். சீதனமாகக் கட்டிய வீட்டுக்கு ஓடு போட்டு முடித்து, தாய் குசினிக்கு மாறிக்கொண்டாள். அதற்கு முந்திய மார்கழியில், சுனாமியன்று, கடல் எழும்பி வந்து அந்தப் பிள்ளையை வீட்டுக்குள்ளிருந்தே தூக்கிக் கொண்டுபோய் வாவியில் போட்டது. உடல் கிடைக்கவில்லை. பிறகு தொண்டு நிறுவனம் அதே அத்திவாரத்தில் புது வீடு கட்டியது. சீதேவிப்பிள்ளை ஒரு நாளாவது அதற்குள் படுத்ததில்லை. மகளுக்குக் கொடுத்த வீட்டில் தாய் எப்படிக் காலை நீட்டுவாள்?

அன்று பின்னேரம் பூவரசு நிழலில் மணலைக் கூட்டிச் சமப்படுத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். தாளில் கோடு போட்டால் சனம் வாய் திறக்காது என்பது மேர்லினுக்குத் தெரியும். அதனால் பெண்களுக்கு வாவிக்கரை ஊரிச் சிப்பி, ஆண்களுக்குப் பழைய வீட்டின் உடைந்த ஓட்டுத்துண்டு என்று வைத்துக்கொண்டாள். செத்தவர்களைக் குப்புற வைக்க வேண்டும்.

தாய், தாயின் தாய், சகோதரிகள் என்று சீதேவிப்பிள்ளை சளைக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றாகக் குப்புற விழுந்தது. புருசன் சீனித்தம்பியின் ஓடும் விழுந்தது. யசோதினியின் ஊரியையும் அவளே தன் கையால் கவிழ்த்தாள்.

கடைசித் துண்டு மிச்சமிருந்தது. ஒரு பக்கம் செம்மண் நிறம், மறுபக்கம் பாசி பிடித்துக் கறுப்பு.

“இது என்ட பொடியன், தம்பி சிவதர்ஷன். சண்டைக்குப் பிடிச்சிட்டுப் போனவங்க. கடைசியா வன்னியில கண்டதெண்டு ஒருத்தன் வந்து சொன்னான். மூணு வருசமாச்சு.”

மேர்லின் தயங்கினாள். “என்னண்டு வைக்க, மாமி?”

சீதேவிப்பிள்ளை துண்டை வாங்கி, சிவந்த பக்கம் மேலே தெரிய மணலில் அழுத்தி வைத்தாள்.

“இரிக்கான்.”

மறுநாள் விடிந்து பார்த்தபோது அந்தத் துண்டு கறுப்பாகக் கிடந்தது.

மற்றவை எதுவும் அசையவில்லை. அது மட்டும் ஈரமாக இருந்தது. சுற்றியிருந்த மணல் காய்ந்து கிடந்தது. காகம் புரட்டியிருக்கும் என்று மேர்லின் நினைத்துக்கொண்டாள். சீதேவிப்பிள்ளை மீன் வாங்க வாவிக்கரைக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் மேர்லின் அவசரமாக அதைத் திருப்பி வைத்தாள்.

மத்தியானம். காற்று அடியோடு நின்றுபோயிற்று. பூவரசின் ஓர் இலைகூட ஆடவில்லை. முற்றத்தில் நிழல்கள் காலடிக்குள் சுருங்கிவிட்டன. வீட்டுக்குள் அறையில் படுத்திருந்த மேர்லினுக்குக் குசினியில் அகப்பை சட்டியில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. பிறகு நீல விளிம்பு வைத்த எனாமல் கோப்பையில் சோறு போடும் சத்தம். நேற்றும் கேட்ட அதே சத்தம். சீதேவிப்பிள்ளை கோப்பையைக் குசினிப் படியில் வைத்துவிட்டு, வாசலுக்கு வெளியே ஒழுங்கையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“தம்பீ... சோறு போட்டுட்டன். வா மனே...”

நீட்டி இழுத்த குரல். வாவிக்கு அக்கரை வரை போயிருக்கும்.

குரல் அடங்கியது. கறி எடுக்க அவள் உள்ளே போனாள்.

அப்போதுதான் மேர்லினுக்கு அந்த வாடை எட்டியது. உப்பும் சேறும், வாவிக்கரைக் கண்ணாமரக் காட்டில் அழுகிய இலையும் கலந்த வாடை. வாவியின் அடிமண் வாடை.

அறைக்கு உள்ளேயிருந்து வந்தது அது.

சொட்.

அவள் தலைமாட்டில்தான்.

சொட்.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. சீமெந்துத் தரையில் ஈரக்கால் ஒன்று பதிந்து விலகும் சத்தம். பிறகு அடுத்தது. தன் வீட்டில் நடக்கிற ஒரு பெண்ணின் அவசரமில்லாத நடை. அது அறையைக் கடந்து, வாசலைக் கடந்து, முற்றத்து மணலில் அமுங்கிப் போயிற்று.

மேர்லின் எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

பூவரசின் கீழ் ஒருத்தி முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். தலைமுடி மணல்வரை தொங்கியது. நடு வெயிலில் அந்த முடி காயவேயில்லை. முடியிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது.

அவள் கை நீண்டது. ஓட்டுத்துண்டைப் புரட்டியது. மெதுவாக, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைப்பது போல.

“மச்சாள்.”

வாசலில் ஏற்றுக்கொண்ட முறை. தாயை மாமி என்றவளை மகள் வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

“அம்மாட்டச் சொல்லுங்க, மச்சாள். தம்பிய சோத்துக்குக் கூப்பிட வேணாமெண்டு.”

குரலில் கோபமில்லை. களைப்பு மட்டும் இருந்தது.

“அம்மா கூப்பிடக் கூப்பிட அவன் எழும்பி நடக்கிறான். அங்கிருந்து இங்க வர ஒரு நாள் போதாதே. பாதி வழியில விழுந்திடுறான். அடுத்த நாளும் அம்மா கூப்பிடுறா. அவன் திரும்பவும் முதல்ல இருந்து நடக்கிறான்.”

அந்தக் கை ஓட்டுத்துண்டின் மேலேயே இருந்தது.

“கால் தேஞ்சு போச்சு, மச்சாள்.”

குசினிப் படியில் எதுவோ ‘ணங்’ என்று விழுந்தது. மேர்லின் அங்கே திரும்பினாள். கோப்பை ஈரமாய்க் குப்புறக் கிடந்தது. மறுபடி பூவரசைப் பார்த்தபோது நிழலில் ஒருவரும் இல்லை. மணலில் ஒரு ஈரத்திட்டு, அதன் நடுவே கறுப்பாய் ஓட்டுத்துண்டு.

சீதேவிப்பிள்ளை கறிச்சட்டியோடு வெளியே வந்தாள். கவிழ்ந்த கோப்பையைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. குனிந்து சோற்றை வழித்தெடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, கோப்பையை நிமிர்த்திக் கழுவினாள்.

“கா... காகம், மாமி.”

“காகம் கோப்பையை நனைக்குமா புள்ள?”

அவள் படியில் உட்கார்ந்தாள். கோப்பை மடியில் இருந்தது.

“மூணு வருசமா இதுதான். நான் வைக்கிறன், அவள் கவுக்கிறாள். நான் நிமித்திறன். வீட்டுக்காரியோட நான் சண்டைக்குப் போறதில்ல. ஆனா இதுல விடமாட்டன்.” முந்தானையால் கோப்பையைத் துடைத்தாள். “உனக்கிட்ட ஏதும் சொன்னாளா?”

தொண்டை வரை வந்தது. தாயின் கை அந்த நீல விளிம்பைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டே இருந்ததை மேர்லின் பார்த்தாள். சொல் உள்ளேயே இறங்கிவிட்டது. பாதியை மட்டும் சொன்னாள்.

“மாமி, அவரைக் கூப்பிடாதீங்களன். எங்க இருந்தாலும் களைச்சுப் போயிருப்பார்.”

சீதேவிப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்திருந்தது. ஒன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

“களைச்சவனத்தானே புள்ள சோத்துக்குக் கூப்பிட வேணும்?”

கோப்பையைப் படியில் நிமிர்த்தி வைத்தாள்.

“கவுண்மேந்துக்காரன் செத்த பத்திரம் தாறன் எண்டான். நான் வாங்கல்ல. குழி தோண்ட ஒரு எலும்பு தந்தானா? இல்லையே. நீ படிச்ச புள்ள. உங்கட கெம்பஸ்ல வைக்கிற படத்துல எழுது, இரிக்கான் எண்டு. எங்கயாவது ஒரு இடத்துல அப்படி எழுதியிருக்கட்டும். அதுக்குத்தான் உன்ன வரச்சொன்னன்.”

மேர்லின் எழுந்து பூவரசடிக்குப் போனாள். ஓட்டுத்துண்டைச் சிவந்த பக்கம் மேலே தெரியத் திருப்பி வைத்தாள். விரலெல்லாம் குளிர்ந்தது.

“எழுதுறன், மாமி.”

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி அந்த மணல் படத்தைப் பெரிய தாளில் வரைந்தாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்கு முக்கோணம். இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. உலகம் முழுவதும் மானிடவியலுக்கு அதுதான் வழக்கம். சீதேவிப்பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் கோடு விழுந்தது. யசோதினியின் வட்டத்தில் கோடு போடும்போது பேனா இரண்டு தரம் நின்றது. கடைசி முக்கோணத்தைக் கோடில்லாமல் விட்டாள்.

படத்தை வகுப்பில் காட்டிய அன்று மத்தியானம் விரிவுரையாளர் குனிந்து அந்த முக்கோணத்தைப் பார்த்தார்.

“இதில் என்ன ஈரம்? இவர் இருக்கிறாரா, இல்லையா?”

முக்கோணத்தின் குறுக்கே ஒரு நீர்க்கோடு. சாய்வாக, அளந்து இழுத்தது போல.

வகுப்பில் எவரிடமும் தண்ணீர்ப் போத்தல் இல்லை. வாவியின் வாடை அவளுக்கு மட்டும்தான் வந்தது.

மேர்லின் துப்பட்டா நுனியால் ஒற்றியெடுத்தாள். “தண்ணி பட்டிட்டுது, சேர்.” குரலைச் சரிசெய்துகொண்டாள். “இருக்கிறார்.”

எங்கோ வெகுதூரத்தில் ஒருவன் எழுந்து மறுபடி நடக்கத் தொடங்குவது போல அவளுக்கு இருந்தது.

பொழுது சாயும் நேரம் விடுதி அறையில் கைப்பேசி அடித்தது. சீதேவிப்பிள்ளை. அவள் குரலில் அவ்வளவு சந்தோசத்தை மேர்லின் முன்பு கேட்டதில்லை.

“புள்ள, இண்டைக்கு அவள் கோப்பையைக் கவுக்கல்ல! வைச்ச சோறு வைச்சபடி நிமிந்து கிடக்கு. நீ எழுதினத அவளும் படிச்சிட்டாள் போல. தம்பி வந்திடுவான். வந்திடுவான், என்ன?”

மேசையில் விரித்துக் கிடந்த படத்தை மேர்லின் பார்த்தாள். மத்தியானம் ஒற்றியெடுத்த ஈரம் காய்ந்திருந்தது. காய்ந்த இடத்தில் உப்பு பூத்திருந்தது. முக்கோணத்தின் குறுக்கே, வெள்ளையாய், நேராய், ஒரு கோடு.

நகத்தால் சுரண்டினாள். உப்பு உதிர்ந்து மேசையில் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளின் உள்ளிருந்து ஈரம் கசிந்து, அதே இடத்தில் மறுபடி கோடானது.

“புள்ள? கேக்குதா?”

“ஓம் மாமி,” என்றாள் மேர்லின், துப்பட்டாவை மறுபடி எடுத்துக்கொண்டே. “வந்திடுவார்.”