பேட்டரி இல்லாத மணி

நோயாளிக் கட்டில் வாடகைக்கு விடும் கடையில் எனக்கு வேலை. கொண்டுபோய்ப் போடுவது, ரிப்பேர் பார்ப்பது, வேண்டாம் என்றால் திருப்பி எடுத்து வருவது. இந்த மூன்றாவது வேலைக்குப் போகும்போது சிரித்த முகமாக இருக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. என் முகம் பிறந்ததிலிருந்தே சிரித்த மாதிரிதான் இருக்கும், தூங்கும்போதுகூட. அதனால் துக்க வீடுகளுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போவேன்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபோது மாஸ்க் போட்டிருந்தும் அதற்குத் தேவையிருக்கவில்லை. அந்த வீட்டு அக்காவை எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு விபத்தில் பேச்சு போய், கழுத்துக்குக் கீழே வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். அந்த விரலுக்கடியில் ஒரு பொத்தான். பொத்தானிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் சோப்பு டப்பா அளவில் ஒரு மணி. எங்கள் கடைச் சரக்குதான். ஒரு தடவை அடித்தால் ஆமாம். இரண்டு தடவை அடித்தால் இல்லை.

கட்டிலுக்கு எண்ணெய் போடப் போகும்போதெல்லாம் ஒரு ஜோக் சொல்வேன். "நல்லா இருந்துச்சாக்கா?" என்பேன்.

டிங் டிங்.

என் மனைவிகூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கடைசியாகப் போனது இரண்டு மாதத்துக்கு முன்னால். ஆள் உருண்டு விழாமல் இருக்கக் கட்டிலின் பக்கவாட்டில் தடுப்பு இருக்கும். அதில் ஒன்று ஸ்பிரிங் போய், நிறுத்தினால் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. புது ஸ்பிரிங் கையில் இல்லை. கட்டுக்கம்பியால் மூன்று முறுக்கு முறுக்கி, முனை அக்காவின் கையில் குத்தாமல் உள்பக்கம் மடக்கிவிட்டு, "அடுத்த வாரம் வந்து மாத்திடறேன்" என்றேன். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவேயில்லை.

கிளம்பும்போது அக்காவின் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். "உங்களுக்கென்னக்கா, அண்ணன் ராணி மாதிரி பாத்துக்கிறாரு" என்றேன்.

டிங் டிங்.

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். என் பேச்சுக்கு எப்போதும் கிடைக்கிற பதில்தானே!

இப்போது கதவைத் திறந்ததும் அவர்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

"எப்படி சார் ஆச்சு?"

"முந்தாநேத்து காலைல போய்ப் பாக்கறேன், தரையில கெடக்கறா. உங்க தடுப்பு இறங்கிக் கெடக்குது. போலீஸ் வந்து பாத்துட்டு விபத்துன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "யார் மேலயும் புகார் இல்லன்னு சொல்லிட்டேன். உங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?"

என் சோம்பேறித்தனம் ஒரு உயிரைக் குடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே அறைக்குள் போனேன்.

திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. மருந்து வாசனை, பவுடர் வாசனை, அவற்றுக்கு அடியில் ஈரத்துணியை நாள்கணக்கில் பூட்டி வைத்தது போல ஒரு புளித்த வாடை. மெத்தையில் அக்கா படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. யாருக்காக என்று தெரியவில்லை.

சக்கரத்தின் பிரேக்கை எடுக்கக் குனிந்தேன். சக்கரத்துக்குப் பின்னால் என் கட்டுக்கம்பி கிடந்தது.

மூன்று முறுக்கும் அப்படியே இருந்தன. மடக்கிய முனையும் அப்படியே. முறுக்குக்கு எதிர்ப்பக்கம் வெட்டியிருந்தது. வெட்டுவாய் இரண்டும் புதுக்காசு மாதிரி மின்னின.

கட்டிங் பிளேயர் இல்லாமல் அந்தக் கம்பியை என்னாலேயே வெட்ட முடியாது. அக்காவிடம் இருந்தது ஒரு விரல்.

கம்பியைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"அவளேதான் தள்ளி இறக்கியிருப்பா," என் முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணன் சொன்னார். "பிடிவாதக்காரி."

டிங் டிங்.

பொத்தான் கட்டில் தலைமாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அருகில் யாரும் இல்லை.

மணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க மூடி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய இரண்டு குழிகளும் காலி.

"அதுல பேட்டரி இல்லையே," என்றார் அண்ணன். உதடு மட்டும் அசைந்தது. "ராத்திரியெல்லாம் அடிச்சு உயிரை எடுக்கறான்னு நான்தானே அன்னைக்கு…"

நிறுத்திக்கொண்டார்.

"என்னைக்கு சார்?"

"ஷார்ட் சர்க்யூட்டா இருக்கும்."

அதற்கும் கரண்ட் வேண்டுமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். என் வாழ்நாளில் நான் விழுங்கிய முதல் பதில் அதுதான்.

"மணி அடிக்கறா பாரு. யாராச்சும் போங்களேன்."

அறை வாசற்படியில் அவர்களுடைய அம்மா நின்றிருந்தார். சுவரைக்கூடப் பிடிக்காமல் தன் காலில்தான் நின்றார். இரண்டு மணிக்கட்டிலும் நீலம் பாரித்த வளையங்கள். வளையல் போட்ட மாதிரி இருந்தது. வளையல் இல்லை.

நான் பார்ப்பதை அண்ணன் பார்த்துவிட்டார். "அம்மாவுக்கு மறதி. அங்கங்க இடிச்சுக்கறாங்க."

டிங் டிங்.

"இல்லங்கறாடா அவ," என்றார் அம்மா, சாதாரணமாக.

ஃபேனுக்கடியில் நின்றுகொண்டே அண்ணனுக்கு வேர்த்தது. "மெக்கானிக், கட்டில எடுத்துட்டுப் போக வேண்டாம். அம்மா ரூம்ல போட்டுடுங்க. இனிமே அவங்களுக்கு வேணும். தடுப்பையும் பழையபடி கட்டி விட்டுடுங்க."

பழையபடி.

நடமாடுகிற மனுஷிக்கு எதற்குக் கட்டில்? வாயைத் திறந்தால் முதல் கேள்வி எனக்குத்தான் வரும். ஸ்பிரிங் போட வேண்டிய இடத்தில் கம்பி கட்டியது யார்? வேலை போகும். அது அவருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டால் அந்த அம்மா இந்தக் கட்டிலில் படுப்பார்.

"சக்கரம் ஆடுது சார்," என்றேன். "இதைக் கொண்டுபோய்ட்டு வேற கட்டில் எடுத்துட்டு வர்றேன். அரை மணி நேரம்."

பொய் சொன்னால் என் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருக்கும். மாஸ்க் காப்பாற்றியது.

கட்டிலைக் கழற்றி வேனில் ஏற்றினேன். மணியைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வேனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பும் முன், மாஸ்க்குக்குள்ளேயே மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அண்ணனைப் பத்திச் சொன்னேனே… அப்ப என் ஜோக்குக்காகவா அடிச்சீங்க?"

மணியின் பக்கம் குனிந்தேன்.

டிங் டிங்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷன். பெண் இன்ஸ்பெக்டர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்பிரிங் ஏன்யா மாத்தல?"

"சோம்பேறித்தனம் மேடம்."

அதையும் எழுதிக்கொண்டார். கட்டிலை இடத்தைவிட்டு நகர்த்தியதற்கு என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே வண்டியில் ஏறினார். நான் சொன்ன அரை மணி நேரம் முடிவதற்குள் அந்த வீட்டு வாசலில் இருந்தார்.

மணி அடித்ததை மட்டும் நான் சொல்லவில்லை. சோம்பேறி என்று எழுதியாயிற்று. பைத்தியம் என்றும் சேர்ப்பானேன்?

அண்ணனின் மேஜை டிராயரில் கட்டிங் பிளேயர் கிடைத்தது. மூன்றாம் நாள் அவரே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அம்மா இப்போது தன் தங்கை வீட்டில் இருக்கிறார். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் கடையிலுள்ள அத்தனை கட்டிலுக்கும் ஸ்பிரிங் மாற்றினேன்.

மணியைத் திரும்ப வாடகைக்கு விட மனசு வரவில்லை. என் டூல்ஸ் பைக்குள்ளேயே கிடக்கிறது, பேட்டரி இல்லாமல். இரண்டு மாதமாகச் சத்தமே இல்லை. ஜோக் சொல்லிப் பார்த்தேன். அதற்குக்கூட இல்லை.

நேற்று ஒரு பெரியவருக்குக் கட்டில் போடப் போயிருந்தேன். பக்கவாதம், பேச்சு இல்லை. வெளிச்சமான வீடு. மகன் தங்கமான மனுஷன், கட்டிலை இறக்கத் தானே கை கொடுத்தார். ஜூஸ் கொடுத்தார். பெரியவரின் தலையணையைத் தட்டிச் சரிசெய்தார்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க," என்றார் சிரித்துக்கொண்டே. "அப்பாவ நாங்க கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவோம்."

டிங் டிங்.

பெரியவரின் கண்கள் என் பையின் பக்கம் திரும்பின.

"உங்க போனா?" என்றார் மகன்.

"ஆமா சார்." பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். "அடுத்த வாரம் வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

டிங் டிங்.

"இல்ல சார்… நாளைக்கே வர்றேன்."

பைக்குள் மணி ஒரே ஒரு தடவை அடித்தது.