உப்புவெளியில் ஓர் உபசாரம்

சலாம் சொல்லும் குரல் கேட்டது. காலடி கேட்கவில்லை.

கவீர் பாலைவனத்தின் உப்புவெளியில் பூனை நடந்தாலும் தரை அப்பளம் போல நொறுங்கும். சாலையிலிருந்து இரண்டு சைக்கிள்களையும் தள்ளி வந்தபோது எழுந்த சத்தம் பர்னியானின் காதில் இன்னும் இருந்தது. இப்போது கேஸ் அடுப்பின் சீறல், கொதிக்கும் பருப்பின் வாசனை, வியர்வை காய்ந்த சட்டையின் நாற்றம், சுற்றிலும் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே வரும் வெள்ளைத் தரை, இவற்றுக்கு நடுவே கூடாரத்தின் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

அவள் கணவன் கெய்வான் கரண்டியைக்கூட நிறுத்தவில்லை. "சலாம்ணே! வாங்க, சாப்பிடலாம்."

சாப்பிடும்போது யார் கடந்து போனாலும் அப்படிச் சொல்வதுதான் அவர்கள் ஊர் மரியாதை. வந்தவர் மறுக்க வேண்டும். மறுபடி அழைக்க வேண்டும். மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாம் முறையும் அழைத்தால்தான் அது மெய்யான அழைப்பு. சாயங்காலம் கிராமத்து டீக்கடைக்காரர் தன் வீட்டில் தங்கச் சொன்னபோது கெய்வான் இரண்டு முறை மறுத்தான். அவர் மூன்றாம் முறை கேட்கவே இல்லை. அதனால்தான் இந்த வெட்டவெளி. உன் மரியாதையில் மண்ணைப் போட என்று பர்னியான் வழி நெடுக அவனைக் கரித்துக்கொட்டியிருந்தாள்.

"இருக்கட்டுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்." குரல் இப்போது இடப்பக்கம் வந்திருந்தது. தரை நொறுங்கவில்லை.

பர்னியான் டார்ச்சைத் திருப்பினாள். உப்பு. உப்பு. அவர்களுடைய சக்கரத் தடங்கள். வேறொன்றும் இல்லை.

"அங்க யாருமில்ல கெய்வான். பேசாத."

"இருட்டுல நிக்கிறாருடி. முகம் தெரிஞ்சாத்தான் மரியாதை குடுப்பியா?" சிரித்தபடி குரலை உயர்த்தினான். "ஒரு சிரமமும் இல்லண்ணே, வாங்க!"

"வேணாங்க. நீங்க சாப்பிடுங்க."

அவள் காதோரம். மூச்சு படவில்லை. பல காலம் பூட்டிக்கிடந்த அறையின் வாடை மட்டும் வந்தது. அடுப்பு தானாக அணைந்தது.

கெய்வான் மூன்றாம் முறை வாயைத் திறந்தான். அவள் பாய்ந்து அதைப் பொத்தினாள். இந்த வீம்புக்காரனை இழக்கப்போகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவனை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

"கூப்பிடாத. உன் கால்ல விழறேன்."

அவன் தலையாட்டினான். உள்ளங்கையில் அவன் மூச்சு சூடாகப் பட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

"சரிங்க, கிளம்பறேன்," என்றது குரல் தணிந்து. "தங்கச்சிக்கு நான் வந்தது பிடிக்கல போல."

சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு. அவள் யோசிக்கும் முன்பே அது புரண்டுவிட்டது.

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லண்ணே! வாங்க."

சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

உள்ளங்கையில் சூடு நின்றது.

கைக்கு அடியில் உதடுகள் விரிந்தன. குளிர்ந்திருந்தன.

"இவ்வளவு தூரம் சொல்றப்ப எப்படிம்மா வராம இருக்கறது?"

அந்த வாய் சிரித்தது. அதற்கு மேலே கெய்வானின் கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தன.