மூன்றாவது கூப்பாடு

அந்த வீட்டுக்குள் செல்போன் சத்தம் போட வழியே இல்லை. நெல்லிவாசல்நாட்டின் அந்தக் கடைசிக் கிராமத்தில் யார் வீட்டுக்குள்ளும் சிக்னல் வராது. போன் வேலை செய்ய வேண்டுமானால் ஊருக்கு மேலே இருக்கிற டவர் பாறைக்கு ஏற வேண்டும். டவர் எதுவும் அங்கே கிடையாது. உச்சியில் கிழக்குப் பக்கமாகக் குந்தினால் இரண்டு கோடு கிடைக்கும், அவ்வளவுதான், ஆனாலும் பேர் அப்படி நிலைத்துவிட்டது. அதனால் சாமைப் பானைக்குப் பக்கத்தில் கிடந்த போன் அந்தி நேரத்தில் 'டிங்' என்றபோது, களி கிண்டிக்கொண்டிருந்த தமிழ்மணியின் கை துடுப்போடு அப்படியே நின்றது.

திரையில் ஒரு கோடுகூட இல்லை. செய்தி மட்டும் இருந்தது. 'நெல்லிவாசல் நியாயம் பக்கத்தில் புதிய கருத்து.'

அந்தப் பக்கத்தை அவள் அழித்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அழித்தவளும் அவள்தான், உண்டாக்கியவளும் அவள்தான். இரண்டுமே புருஷன் தீர்த்தகிரிக்குத் தெரியாது. அங்கன்வாடி வேலைக்கு ஊரில் இரண்டு பெண்கள் மனுப் போட்டார்கள்; பிரியதர்ஷினிக்குக் கிடைத்தது, தமிழ்மணிக்குக் கிடைக்கவில்லை. காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் மலையில் மூலிகை உண்டு, வயிற்றெரிச்சலுக்குத்தான் கிடையாது. டவர் பாறையில் குந்தி அவள் ஒரு வலைப்பக்கம் தொடங்கினாள். பிள்ளைகளின் சத்துமாவைப் பிரியதர்ஷினி விற்கிறாள் என்று முதல் வாரம் எழுதினாள். யாரோடு எந்த ஜீப்பில் கீழே போனாள் என்று இரண்டாம் வாரம். மூன்றாம் வாரம் திருவிழாவில் எடுத்த படம் ஒன்றைப் போட்டு, கீழே வாயில் சொல்லக் கூசுகிற நாலு வரி.

ஒருத்தி சொன்னால் ஊர் நம்புமா? அதற்காக மூன்று பேரை அவளே செய்தாள். 'மலைமகள்' என்பவளுக்குச் சிவப்பு ரோஜாப் படம். 'உண்மை விளம்பி' என்பவருக்குக் கிளிப் படம். மூன்றாவது ஆளுக்குப் படம் தேடச் சோம்பல். பேர் 'பெயரிலி', முகம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் தானாக வருகிற அந்தச் சாம்பல் நிற வெறும் தலை. மூவரும் ஒருவருக்கொருவர் ஆமாம் போட்டார்கள். பிறகு ஊரும் ஆமாம் போட்டது.

ஒரு காலையில் பிரியதர்ஷினி சுள்ளி பொறுக்கப் போகிறேன் என்று காட்டுக்குள் போனாள். ஊரே தேடியும் ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது.

மூன்றாம் நாள், பக்கத்தை அழிக்கத் தமிழ்மணி பாறைக்கு ஏறினாள். அவளுக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க ஏறி வந்தாள் பிரியதர்ஷினியின் அம்மா மங்கம்மாள்.

"எம் பொண்ணப் பத்தி இன்னாமோ எழுதிக்கீறாங்களாமே. படிச்சுச் சொல்லு கண்ணு. எனக்கு எழுத்து தெரியாது, உன்ன வுட்டா யாரு கீறாங்க?"

தமிழ்மணி தன் வரிகளைத் தானே வாய்விட்டுப் படித்தாள். எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் படித்தாள். மங்கம்மாள் அழவில்லை. மடியில் கை கோத்தபடி கேட்டு முடித்தாள்.

"இந்த மூணு பேரும் எந்த ஊரு?"

"தெரியலயே பெரிம்மா. மூஞ்சி காட்டாம எழுதுறாங்க."

"மூஞ்சி இல்லாததுங்களா." மங்கம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "அதுங்களப் பெத்த மவராசி வூட்டுக்கே போயிச் சேரட்டும். அவகிட்டயே ஒரு மூஞ்சி கேட்டு வாங்கிக்கட்டும்."

அவள் இறங்கிப் போன பிறகுதான் தமிழ்மணி அழித்தாள். பக்கத்தை, மூன்று பேரை, எல்லாவற்றையும்.

இப்போது அங்கன்வாடியின் சாவி அவள் வீட்டு ஆணியில் தொங்கியது. நாளை முதல் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆபீஸிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். அந்த மூன்று பேர் யார் என்று வெளியே வந்தால் வேலை போகும், தீர்த்தகிரி போவான், இந்த ஊரில் அதன்பின் அவள் முகத்தைத் தூக்கி நடக்க முடியாது.

செய்தியைத் தொட்டாள்.

மலைமகள்: 'களி அடிபிடிக்குது பாரு.'

அப்போதுதான் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது. சட்டியை இறக்கி வைத்தாள். போன் மறுபடி ஒலித்தது.

உண்மை விளம்பி: 'சாவிய ஆணியில மாட்டிட்டா.'

சுற்றும் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. கதவு தாழிட்டிருந்தது. மூலையில் சாமை மூட்டைகள் இருந்த இடத்தில் வெறும் தரை. அவற்றைத்தான் தீர்த்தகிரி காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கண்ணமங்கலத்துக்குப் போயிருந்தான்.

பெயரிலி: 'எனக்கு மட்டும் இன்னும் மூஞ்சி வைக்கல.'

போனை அணைத்தாள். அணைந்தது. மூடி திறந்து பானைக்குள் சாமையை முழங்கை ஆழம் தோண்டி உள்ளே புதைத்து, மூடி மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு தானியத்துக்கு அடியிலிருந்து, கிணற்றுக்குள் காசு விழுந்த மாதிரி, 'டிங்'.

வெளியே பனி இறங்கியிருந்தது. மார்கழிப் பனி அந்த ஊரில் மேலிருந்து இறங்கி, முதலில் பலா மரத்தைத் தின்னும், பிறகு மாட்டுக் கொட்டகையை, பிறகு வாசலை, கடைசியில் கதவிடுக்கு வழியாக ஈர மண் வாடையோடு வீட்டுக்குள் கால் வைக்கும். எதிர் வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருந்து, பாதிக் குரைப்பில் நிறுத்திவிட்டது.

பனி இறங்கிய பொழுதுக்கு அங்கே ஒரு கட்டு உண்டு. வெளியிலிருந்து பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்க வேண்டும். கெட்டது எதுவானாலும் அதற்கு ஒரு கூப்பாட்டுக்குத்தான் மூச்சு. மூன்று முறை கூப்பிட மனுஷனால்தான் முடியும். தீர்த்தகிரியும் ஜீப்பில் ஏறும்போது அதைத்தான் சொன்னான்: "பொழுது சாய வந்துடுறேன். மூணு தபா கூப்பிடுவேன், எண்ணிக்கினு தெற."

தமிழ்மணி கதவோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வந்துவிட்டால் போதும். அவன் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அடித்தால் அடிக்கட்டும்.

"தமிழு..."

வேலிப் படலுக்கு அந்தப் பக்கம். தீர்த்தகிரியின் குரல்.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு விரலை மடக்கினாள்.

பனி சொட்டும் சத்தம். வேறொன்றும் இல்லை.

"தமிழு..."

இன்னும் கிட்டே. தண்ணீர்த் தொட்டி அருகில். அதே குரல். இரண்டாவது விரல்.

காலடிச் சத்தம் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. ஜீப் சத்தமும் கேட்கவில்லையே. பனியில் எதுவும் கேட்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"தமிழு..."

கதவுக்கு நேர் வெளியே. மூன்று.

"வர்றேங்க!"

தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது.

படலருகே ஒன்று நின்றது. கழுத்துக்கு மேலே ஒரு சிவப்பு ரோஜா, ஆள் தலையளவு, ஈரமாக. தொட்டியருகே இன்னொன்று. அதன் கிளித்தலை ஒரு பக்கம் சாய்ந்து அவளையே பார்த்தது. மூன்றாவது வாசற்படியில். கம்பளி போர்த்த தோள். அதற்கு மேல் சாம்பல் நிறம். கண் இல்லை. மூக்கு இல்லை.

ஒருவர் மூன்று முறை கூப்பிடவில்லை. மூன்று பேர், ஆளுக்கு ஒரு முறை.

அவள் விரலை எண்ணினாள், ஆளை எண்ணவில்லை.

சாம்பல் தலை குனிந்தது. ஒரு கை வந்து அவள் கன்னத்தில் படிந்தது. குளிர். நெற்றியில். கண்ணிமையில். உதட்டில். மெதுவாக, தோசையைக் கல்லிலிருந்து எடுக்கிற பதத்தில், ஓரத்திலிருந்து உரித்தது.

கீழே வளைவில் ஜீப் ஹாரன் அடித்தது. நின்றது. செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

"தமிழு!"

தமிழ்மணி கத்தப் பார்த்தாள். கத்த வாய் இல்லை.

"தமிழு!"

வாசற்படியில் நின்றது அவளைத் தாண்டி வீட்டுக்குள் போய், ஆணியிலிருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பளியைத் திண்டு போல் சுருட்டி அவள் காலடியில் போட்டுவிட்டு வாசலில் இறங்கியது.

"தமிழு! படலத் தெற, குளிருது!"

"வர்றேங்க!"

அவள் குரல்தான். படல் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"களி அடிபிடிச்சிடுச்சுங்க." அவள் சிரிப்புதான். "நாளைக்குச் சீக்கிரம் எழுந்திருக்கணும். புள்ளைங்க வந்துடும்."

கதவுக்குப் பின்னால், தன்னை இழுத்து நிறுத்திய ரோஜாவுக்கும் கிளிக்கும் நடுவில் நின்றபடி, தமிழ்மணி இரண்டு கையாலும் தன் முகத்தைத் தேடினாள். நெற்றியிலிருந்து தாடைவரை, புதிதாக மெழுகிய தரை போல வழவழவென்று இருந்தது.