கபீருக்கு முன்சீட்டு

காரைக்காலில் மலை கிடையாது. ஏற்றம் என்று பார்த்தால் அரசலாற்றுப் பாலம் ஒன்றுதான். அதிலும் மிதிக்காமலே சைக்கிளில் ஏறிக் காட்டுகிறேன் என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள்.

அதனால் சஃபியாவின் வாப்பா, "மலைக்குப் போவோமா?" என்று கேட்டதும் வீடு அமர்க்களப்பட்டது.

வாப்பாவின் பெயர் காதர் பாட்சா. குவைத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவில் வருவார். 1982 மே மாதம் வந்திருந்தார். பெருநாளுக்கு முன்பே திரும்பிப் போக வேண்டும்.

"மூணாறு பக்கத்துல இரவிகுளம்னு ஒரு தேசியப் பூங்கா இருக்கு" என்று வாப்பா சொன்னார். "என்கூட வேலை செய்ற மலையாளத்துக்காரர் சொன்னாரு. அங்க வரையாடுன்னு ஒரு மலை ஆடு. செங்குத்தான பாறையில சும்மா நடந்து போவுமாம்."

"பூங்கான்னா ஊஞ்சல் இருக்குமா வாப்பா?" என்று கேட்டான் கபீர். சஃபியாவுக்குப் பதினொரு வயது. தம்பி கபீருக்கு எட்டு.

"ஊஞ்சலெல்லாம் இருக்காது. அது மிருகங்களோட வீடு. நாமதான் விருந்தாளி."

வாப்பா தரையில் ரோடு மேப்பை விரித்தார். தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், தேனி, போடி என்று விரல் வழுக்கிக்கொண்டே போனது. போடி வரைக்கும் கோடு ஒழுங்காக இருந்தது. அதற்கு மேல் யாரோ சேமியாவைக் கொட்டிவிட்ட மாதிரி சுருண்டு கிடந்தது.

வாசலில் நின்றிருந்த மருதையன் எட்டிப் பார்த்தார். தெருக்கோடியில் அம்பாசிடர் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுபவர் அவர்தான்.

"அது பூரா கொண்டை ஊசி வளைவுங்க பாய்" என்றார். சொல்லிவிட்டுக் கபீரைப் பார்த்தார்.

உம்மாவும் கபீரைப் பார்த்தார். வாப்பாவும் பார்த்தார். கபீர் மேப்பையே பார்த்தான்.

போன வாரம்தான் நாகூரில் ஒரு கல்யாணத்துக்கு இதே காரில் போனார்கள். பாதி வழியில் கபீருக்கு வாந்தி வந்துவிட்டது. புது ரெக்சின் சீட்டு, வாப்பாவின் குவைத் சட்டை, சஃபியாவின் பட்டுப் பாவாடை எதுவும் தப்பவில்லை. காரில் போனாலும் பஸ்ஸில் போனாலும் அவனுக்கு அப்படித்தான். உம்மா எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். இஞ்சி மிட்டாய் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அதையும் சேர்த்துத்தான் அவன் வெளியே அனுப்பினான்.

"சமதரையிலேயே இப்படின்னா மலையில புள்ள தாங்குவானா?" என்றார் உம்மா.

வாப்பா மேப்பை மடித்து வைத்தார். பிறகு கபீரின் தோளில் கை வைத்தார். "நீ நாகூர்ல சாச்சி வீட்டுல இருக்கியா ராஜா? மூணு நாள்தான். அடுத்த லீவுல கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்."

அடுத்த லீவு என்றால் இன்னும் இரண்டு வருடம்.

"எனக்கு மலை வேணாம் வாப்பா" என்றான் கபீர். "அங்க வெறும் கல்லுதான் இருக்கும்."

சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துச் சஃபியா போய்ப் பார்த்தாள். கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லின் மேல் கபீர் ஏறி நின்றான். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, ஓரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தான். யாருக்கும் கேட்காமல் "ம்மே" என்று ஒரு சத்தம்.

சஃபியா நேராக வாப்பாவிடம் போனாள்.

"வாப்பா, தம்பிக்கு வாந்தி வராம நான் பாத்துக்கிறேன்."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல. ஆனா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியிற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அதுக்குள்ள சரி பண்ணிட்டா அவனும் வரணும்."

அவள் கேட்ட விதத்தில் வாப்பாவால் மறுக்க முடியவில்லை. "சரி" என்றார்.

மறுநாள் காலையில் மருதையன் வேப்ப மரத்தடியில் கார் கழுவிக்கொண்டிருந்தார். சஃபியா பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்க மலைக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"கணக்கே கெடையாது பாப்பா. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு..."

"உங்களுக்கு வாந்தி வந்திருக்கா?"

மருதையன் சிரித்தார். "ஓட்டுறவனுக்கு எப்படி பாப்பா வாந்தி வரும்? பின்னாடி சீட்டுல தூங்கிட்டு வர்றவனுக்குத்தான் வரும்."

சஃபியா சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது அதையே யோசித்தாள். ஓட்டுகிறவருக்கு வராதாம். கபீர்கூட வாப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போனால் சிரித்துக்கொண்டேதான் போவான். ஒருநாளும் வாந்தி எடுத்ததில்லை.

பரணில் வலை கிழிந்த சல்லடை ஒன்று கிடந்தது. வலையைப் பிய்த்துவிட்டு வளையத்தை மட்டும் எடுத்துக் கபீரிடம் கொடுத்தாள்.

"இதான் உன் ஸ்டியரிங். நீதான் டிரைவர்."

"நெஜமாவா லாத்தா?" என்று அக்காவைக் கேட்டான் கபீர்.

"அண்ணன் எந்தப் பக்கம் திருப்பறாரோ, நீயும் அந்தப் பக்கம் திருப்பு."

அன்று மாலை மருதையன் காரின் பிரேக்கைச் சரிபார்த்திருந்தார். பூவம் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். உம்மாவிடம் கேட்டுக்கொண்டு இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள். கபீர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு "பாம், பாம்" என்றான். கார் காரைக்காலைத் தாண்டியது. கபீரின் சத்தம் குறைந்தது. வரிச்சிக்குடி வருவதற்குள் நின்றே போனது.

"லாத்தா..."

"அண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

இந்தத் தடவை சீட்டு தப்பியது. சாலையோரப் புல்தான் பாவம்.

கபீர் வாயைக் கொப்பளித்துவிட்டு வளையத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தான். "நான் சாச்சி வீட்டுக்கே போறேன் லாத்தா" என்றான்.

"இரு, இரு" என்றாள் சஃபியா. அவளுக்குத் தோற்றதாகத் தோன்றவில்லை. எங்கேயோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அவள் மறுபடி காரில் ஏறினாள். கபீர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, சரிந்து சரிந்து தன் தலையை அவன் உயரத்துக்குக் கொண்டுவந்தாள்.

அங்கிருந்து சாலை தெரியவில்லை. மருதையன் கையும் தெரியவில்லை. முன்சீட்டின் பச்சை முதுகு மட்டும் சுவர் மாதிரி நின்றது.

"அண்ணே!" என்று கத்தினாள். "இவன் கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டியிருக்கான்!"

திரும்பும்போது கபீரை முன்சீட்டில் நடுவில் உட்கார வைத்தாள். "கீழே பாக்காத. தூரத்துல ரோட்டைப் பாரு. எதுக்க என்ன வருதுன்னு சொல்லிட்டே வா."

"மாட்டு வண்டி... சைக்கிள்... ஒரு நாய், ரெண்டு நாய்... பஸ் வருது, ஒதுங்குங்க அண்ணே!"

காரைக்கால் வந்துவிட்டது. கபீர் இன்னும் பேசிக்கொண்டே இருந்தான்.

"இது நேர் ரோடு பாப்பா" என்றார் மருதையன். "இங்க வராததை வச்சு என்ன சொல்ல முடியும்? மலைன்னா வளைவுல்ல?"

அவர் சொன்னது சரிதான். காரைக்காலில் வளைவுக்கு எங்கே போவது?

மலைதான் இல்லையே தவிர வயல் இருக்கிறது. வயலைச் சுற்றி வாய்க்கால் இருக்கிறது. வாய்க்கால் திரும்பும் இடத்தில் எல்லாம் சாலையும் திரும்பித்தானே ஆக வேண்டும்?

"நெடுங்காட்டு ரோடு!" என்றாள் சஃபியா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்தது. கபீருக்கு உம்மா பாதி வயிறுதான் சோறு போட்டார். சஃபியாவின் உத்தரவு அது. வாப்பா வழக்கம்போல் முன்கதவைத் திறந்தார்.

"வாப்பா, இன்னிக்கு அது தம்பி சீட்டு" என்றாள் சஃபியா. "நீங்க பின்னாடி வாங்க."

வாப்பா சிரித்துக்கொண்டே உம்மாவுக்கும் சஃபியாவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். கபீர் முன்னால் வளையத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உம்மா, ஒண்ணே ஒண்ணு" என்றாள் சஃபியா. "வாந்தி வருதான்னு மட்டும் யாரும் கேக்கக் கூடாது."

நெடுங்காட்டுப் பக்கம் வாய்க்கால் கரைச் சாலையில் கார் நுழைந்தது. மருதையன் வேகத்தைக் கூட்டினார்.

"இடது பக்கம்!" என்று கத்தி வளையத்தைத் திருப்பினான் கபீர். "வலது! மறுபடி வலது! புளிய மரத்துக்கிட்ட இடது!"

கார் ஆடியது. பின்சீட்டில் மூன்று பேரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள், வலப்பக்கம் சாய்ந்தார்கள். உம்மா வாயைப் பொத்திக்கொண்டார், கேள்வி கேட்டுவிடக் கூடாதே என்று. சாலை முடிந்ததும் மருதையன் வண்டியைத் திருப்பி, வந்த வழியே இன்னொரு தடவை ஓட்டினார். கபீர் சளைக்கவில்லை. அவன் முகம் வெயிலில் பழுத்த மாம்பழம் மாதிரி இருந்தது.

"ஜெயிச்சாச்சு!" என்று சஃபியா திரும்பினாள். "பாத்தீங்களா வாப்..."

வாப்பாவின் நெற்றியெல்லாம் வியர்வை. "மருதையா" என்று மெல்லச் சொன்னார். "கொஞ்சம் நிறுத்துப்பா."

கார் நின்றது. வாப்பா பூவரச மரத்தடிக்கு ஓடினார்.

கபீர்தான் தண்ணீர் கூஜாவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். வாப்பாவின் முதுகைத் தடவிவிட்டான்.

"அழாதீங்க வாப்பா. கொப்பளிச்சா சரியாயிடும்."

"குவைத்துல ரோடெல்லாம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கும்டா" என்றார் வாப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே. "வளைவே கிடையாது."

உம்மா கார் ஜன்னலில் தலையை நீட்டினார். "அப்ப உங்களையும் நாகூர்ல விட்டுட்டுப் போவோமா?"

அவ்வளவுதான். மருதையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஸ்டியரிங்கில் கவிழ்ந்து சிரித்தார். வாப்பாவும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யாரும் நாகூர் போக வேணாம்" என்றாள் சஃபியா. "அண்ணே, முன்சீட்டுல உங்களோட சேத்து மூணு பேர் உக்காரலாம்ல?"

"என் கை இடிக்காம இருந்தா தாராளமா உக்காரலாம்."

"அப்ப தம்பி நடுவுல, வாப்பா ஓரத்துல. ரெண்டு பேரும் ரோட்டைப் பாத்துட்டே வரணும். தூங்கக் கூடாது."

வாப்பா கபீரின் தலையைக் கோதினார். "எனக்கும் வளைவு சொல்லிக் குடுப்பியா?"

"ஈசி வாப்பா. நான் சொல்றேன், நீங்க திரும்பச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினார்கள். திண்டுக்கல்லில் ஒரு ராத்திரி தங்கினார்கள். மறுநாள் போடி தாண்டியதும் தரை சாய்ந்து எழுந்தது. சாலை மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஏறியது.

"வலது!" என்று முன்னாலிருந்து சின்னக் குரல் கேட்டது.

"வலது!" என்று பெரிய குரல் தொடர்ந்தது.

பின்சீட்டு முழுக்க உம்மாவுக்கும் சஃபியாவுக்கும்தான். உம்மா காலை நீட்டிக்கொண்டார். குளிர ஆரம்பித்தது. சஃபியா ஜன்னல் கண்ணாடியைக் கடைசிவரை இறக்கிவிட்டாள். சாலையோரம் வெள்ளையாக ஏதோ நகர்ந்து வந்தது. புகை என்று நினைத்தாள். கையை நீட்டினாள். விரல் நனைந்தது.

"உம்மா," என்றாள் மெதுவாக, "மேகம்."