கைக்குட்டையை எடுக்காதீங்க, ஆன்ட்டி!

மழைக்கு முந்தின காற்று கானாவின் தலைநகர் அக்ராவில் யாரிடமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் திடுதிப்பென்று வந்தது. மைதானத்தின் ஓரத்தில் நின்ற பெரிய கறுப்புத் திரையை ஒரே இழுப்பில் கிழித்து, தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியின் கிரிக்கெட் ஆட்டம் அப்படியே நின்றது.

"மழையே வரலியே, ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார் கொர்க்கோவுக்குப் பக்கத்திலிருந்தவர். கால்பந்து மட்டுமே பார்த்துப் பழகியவர். பந்தை யார் அடித்தாலும் "கோல்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"பந்து வெள்ளை, அங்கிள். பின்னால கறுப்புத் திரை இருந்தாதான் அடிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியும். இப்ப பின்னால இருக்கிறது வெள்ளைச் சுவர். பந்து வர்றதே தெரியாது. மூக்குல வந்து இடிச்சாதான் தெரியும்" என்றாள் கொர்க்கோ.

அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. சாயங்காலமானால் அவள் பந்து போட, அண்ணன் டெட்டே அடிப்பான். அந்த டெட்டேதான் இப்போது கானாவின் மஞ்சள் சட்டையோடு, கையில் மட்டையோடு நடு மைதானத்தில் நிற்கிறான். வேறொருவருக்குக் கால் பிசகியதால் கிடைத்த இடம். இன்று கென்யாவிடம் தோற்றால் கானா வெளியே. டெட்டேவுக்கு இன்னொரு வாய்ப்பு வருமோ வராதோ!

நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "கால் மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள திரை வரலைன்னா ஆட்டம் முடிஞ்சுது. ஓட்டக் கணக்குல கென்யாதான் முன்னால இருக்கு."

கொர்க்கோ மைதானப் பொறுப்பாளர் யாவ் அங்கிளிடம் ஓடினாள். "வேற கறுப்புத் துணி இல்லையா, அங்கிள்?"

"இருந்தது ஒண்ணுதான், பாப்பா. அது இப்ப யார் வீட்டு மாமரத்துல தொங்குதோ!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போது சாலைக்கு அந்தப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. கொர்க்கோ திரும்பிப் பார்த்தாள். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், தலை முதல் கால்வரை கறுப்பு உடுத்திய கூட்டம். சாவு வீடு! சனிக்கிழமையானால் தெருவுக்கொரு சாவுச் சடங்கு நடக்கும் அக்ராவில் கறுப்புத் துணிக்கா பஞ்சம்?

பந்தல்வரை ஓடியவளுக்கு வாசலில் கால் பின்வாங்கியது. துக்க வீட்டில் போய் கிரிக்கெட் என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் முறையை விட அவளுக்கு மனம் வரவில்லை. வலது ஓரத்தில் தொடங்கி, இடது ஓரம்வரை, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, "டூயே, டூயே" என்று துக்கம் விசாரித்துக்கொண்டே போனாள்.

வரிசையின் கடைசியில் அட்ஜெலே ஆன்ட்டி இருந்தார். இறந்த பெரியவரின் மூத்த மகள். பார்வையிலேயே ஆளை உட்கார வைத்துவிடுவார்.

"யாரு பொண்ணும்மா நீ? பெரியவங்களுக்கு ஒழுங்கா வணக்கம் சொல்றியே! எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

கொர்க்கோ எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அதுக்காக நாங்க உடுத்தியிருக்கிற துணியைக் கழட்டிக் குடுக்கணுமா?"

"ஐயோ, வேண்டாம் ஆன்ட்டி! துணியோட நீங்களே வந்துடுங்க. சும்மா உட்கார்ந்தா போதும்."

ஆன்ட்டியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று கொர்க்கோ பயந்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா இருக்காரே, எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் ரேடியோவைக் காதுல வச்சு ஆட்டம் கேட்டவர். அவர் பேரைச் சொல்லி ஒரு ஆட்டம் பார்க்கலாம். நல்லவேளை, இன்னிக்கு வந்த. வயசாகி நிறைவாப் போன மனுஷன். அதனால நாளைக்கு தேவாலயத்துல நன்றி சொல்ல நாங்க எல்லாரும் வெள்ளைதான் உடுத்துவோம். ம், நாற்காலியைத் தூக்குங்க!"

நாற்காலிகள் தலைகளில் ஏறின. ஊர்வலமாகச் சாலையைக் கடந்து வந்த கூட்டத்தைப் பார்த்து யாவ் அங்கிள் பதறினார். "யாரு செத்தது?"

"இங்க யாரும் சாகலை, அங்கிள். ஆட்டத்தைக் காப்பாத்த வந்திருக்காங்க" என்றாள் கொர்க்கோ.

திரை நின்ற மேட்டில் அவர்கள் வரிசை வரிசையாக நெருக்கி உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சுவர் மறைந்தது. நரைத்த தலைகள் கறுப்புத் துணிக்குள் போயின. டெட்டே கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினான். நடுவர் தலையாட்டினார்.

"பந்து போடும்போது யாரும் அசையக் கூடாது. நான் சொன்னப்புறம்தான் அசையணும்" என்றாள் கொர்க்கோ.

முதல் பந்தையே டெட்டே எல்லைக்கு விரட்டினான். அடுத்த பந்துக்குப் பந்துவீச்சாளர் ஓடி வரும்போதும் ஆன்ட்டிக்குப் பூரிப்பு அடங்கவில்லை. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துச் சுழற்றினார். பின்னாலேயே முப்பது கைக்குட்டைகள் பறந்தன. டெட்டே மட்டையைத் தூக்கிக்கொண்டு விலகினான்.

"நிறுத்து!" என்று கத்தினார் நடுவர். "அந்தத் திரை ஏன் ஆடுது?"

"கைக்குட்டையை எடுக்காதீங்க, ஆன்ட்டி!"

"கைக்குட்டை ஆட்டாம எப்படிம்மா சந்தோஷப்படுறது?"

கொர்க்கோ தண்ணீர் விற்கும் பெண்ணிடம் ஓர் அலுமினியச் சட்டியை வாங்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை போனாள். எல்லாக் கைக்குட்டைகளும் அதற்குள் போயின. ஆன்ட்டி தன்னுடையதைக் கடைசியாக, மனமே இல்லாமல் போட்டார்.

அதன்பின் ஒருவரும் அசையவில்லை. இரண்டு ஓட்டம் வந்தபோது உதட்டைக் கடித்தார்கள். ஒரு விக்கெட் விழுந்தபோது தொண்டைக்குள்ளேயே முனகினார்கள். கடைசிப் பந்து வந்தது. நான்கு ஓட்டம் வேண்டும்.

டெட்டே ஓர் அடி முன்னால் வந்து மட்டையை வீசினான். பந்து பந்துவீச்சாளரின் தலைக்கு மேலே ஏறி, கறுப்புக் கூட்டத்தை நோக்கி நேராக வந்தது. காலி நாற்காலி ஒன்றில் 'டமார்' என்று மோதி, அட்ஜெலே ஆன்ட்டியின் காலடியில் போய் நின்றது.

நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஆறு! மைதானமே குதித்தது. கால்பந்துக்காரர் "கோல்!" என்று அலறினார்.

கறுப்புக் கூட்டம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. எல்லாக் கண்களும் கொர்க்கோவின் மேல்.

"சொல்லித் தொலையேன், பொண்ணே!" என்று பல்லைக் கடித்தபடி கேட்டார் ஆன்ட்டி.

"ஐயோ, மறந்துட்டேன்! அசையுங்க, ஆன்ட்டி, அசையுங்க!"

சட்டி காலியானது. கைக்குட்டைகள் கொக்குக் கூட்டம் போல மேலே எழுந்தன. டெட்டே ஓடி வந்து தங்கையைத் தூக்கிச் சுற்றினான்.

மறுநாள் கானாவுக்கு அடுத்த ஆட்டம். புதுத் திரை விறைப்பாக நின்றது. தேவாலயத்திலிருந்து அட்ஜெலே ஆன்ட்டியின் குடும்பம் நேராக மைதானத்துக்கே வந்தது, பளீரென்ற வெள்ளை உடையில். நேற்று உட்கார்ந்த அதே மேட்டுக்கு அவர்கள் நடையைக் கட்டியதைப் பார்த்துவிட்டு, கொர்க்கோ இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினாள்.

"ஆன்ட்டி, அங்க வேண்டாம்! இன்னிக்கு இந்தப் பக்கம் உட்காருங்க. எவ்வளவு வேணும்னாலும் கைக்குட்டை ஆட்டலாம்!"